ராத்திரி பூரா வள்ளி திருமணம் பாத்துட்டு வந்ததுலேர்ந்து எல்லாரும் கேக்குற கேள்விங்க

போன பங்குனில எங்க அம்மா ஊர் திருவிழாவுக்குப் போயிருந்தேன், திருப்பத்தூர் பக்கம் (வேலூர் பக்கத்து திருப்பத்தூர் இல்ல, சிவகங்கை ஜில்லா திருப்பத்தூர்). அங்க ராத்திரி பூரா வள்ளி திருமணம், ஸ்பெஷல் நாடகம்னு சொல்லுவாங்களே, அந்த வகை. பாத்துட்டு வந்து ஸ்டேட்டஸ்ல ஆறே ஆறு போட்டோ போட்டேன், அவ்வளவுதான், ஆபீஸ்ல, அப்பார்ட்மெண்ட்ல, சொந்தக்காரங்க கல்யாணத்துலன்னு ஒரு மாசமா ஒரே கேள்வியையே பத்து பேர் கேக்குறாங்க. வாயால சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். நான் ஆராய்ச்சி பண்ணவன் எல்லாம் இல்ல, சின்ன வயசுல பாட்டி மடியில தூங்கிக்கிட்டே பாத்தவன், இப்ப நாப்பது வயசுல முழிச்சுக்கிட்டு பாக்குறவன்.

ஸ்பெஷல் நாடகம்ங்கறீங்களே, அதுல என்ன ஸ்பெஷல்?

முன்னாடி நாடகக் கம்பெனிங்க இருந்துச்சு. முதலாளி, வாத்தியார், நடிகருங்க, சீன் படுதான்னு எல்லாமே ஒரே கூடாரம், ஊர் ஊரா சேந்தே போவாங்க, சேந்தே சாப்பிடுவாங்க. ஸ்பெஷல்ல அப்படி கிடையாது, ஒவ்வொரு ஆர்ட்டிஸ்டையும் தனித்தனியா அட்வான்ஸ் குடுத்து தேதி வாங்கி வரவைக்கணும். ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்) புதுக்கோட்டை, ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி வேஷம்) மதுரை, பபூன் (காமெடி பண்றவர்) திண்டுக்கல், ஹார்மோனியம் காரைக்குடின்னு இருக்கும். இந்த ஊர்கள்ல எல்லாம் நாடக நடிகர் சங்கம் இருக்கு, அங்க போய்தான் ஊர்க்காரங்க பேசி முடிப்பாங்க.

அதனால அன்னைக்கு ராத்திரி முருகனும் வள்ளியும் ஒருத்தரை ஒருத்தர் முன்ன பின்ன பாக்காதவங்களாகூட இருக்கலாம். இத ஞாபகம் வச்சுக்கங்க, கீழ வேற ஒரு கேள்விக்கு இது வேணும்.

தெருக்கூத்துதானே இது, பேர்தான வேற?

இல்லங்க. தெருக்கூத்து வடக்கால, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம். கட்டை கிரீடம், முகவீணை (சின்ன நாதஸ்வரம் மாதிரி இருக்கும்), பெரும்பாலும் பாரதக் கதை. இது தெக்கத்தி சரக்கு, மேடை போட்டு, பின்னாடி படுதா தொங்கவிட்டு, ஹார்மோனியம் வச்சு நடக்குறது. பத்தொம்பதாம் நூற்றாண்டுல பம்பாய் பார்சிக்காரங்களோட நாடகக் கம்பெனிங்க இந்தப் பக்கம் வந்துட்டுப் போனதோட மிச்சம் அந்தப் படுதாவுலயும் மேடையிலயும் இன்னும் தெரியும். ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா ரெண்டு பக்கமும் கோவிச்சுக்குவாங்க.

டிக்கெட் எவ்வளவு? ஆன்லைன்ல புக் பண்ணலாமா?

டிக்கெட்டே கிடையாது. ஊர் வரி போட்டு நடத்துறது, சாமிக்கு நேந்துக்கிட்டு தனி ஆளா நடத்துறவங்களும் உண்டு. சாமி பாக்கணும்னு பல ஊர்ல மேடையைக் கோயிலைப் பாத்தமாதிரிதான் போடுவாங்க, நீங்களும் நானும் நடுவுல உக்காந்து ஓசில பாக்குறோம். சீசன்னு பாத்தா மாசி பங்குனில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் ஓடும். எங்க எப்பன்னு தெரியணும்னா நோட்டீஸ்தான், டீக்கடை செவுத்துல ஒட்டியிருப்பாங்க, நடிகருங்க ஒவ்வொருத்தர் போட்டோவும் பாஸ்போர்ட் சைஸ்ல இருக்கும், பேருக்கு முன்னாடி நாலு வரி பட்டம் இருக்கும். இப்ப அந்த நோட்டீஸே வாட்ஸ்அப்ல வந்துருது.

விடிய விடியவா? எத்தனை மணிக்குதான் ஆரம்பிக்கும்?

நோட்டீஸ்ல ஒம்பதுன்னு இருந்தா பத்தேகாலுக்கு ஹார்மோனியக்காரர் சாமி பாட்டு ஆரம்பிப்பார். அதுக்கப்பறம் பபூன், அப்பறம் டான்ஸ் ஆடுற பொண்ணு, அப்பறம் ரெண்டு பேரும் சேந்து காமெடி, இதுலயே மணி பன்னெண்டு தாண்டிரும். புதுசா வர்றவங்க இத மட்டும் பாத்துட்டு, இவ்வளவுதானான்னு எந்திரிச்சு போயிடறாங்க. மெயின் கதையே அதுக்கப்பறம்தான். நாரதர் வருவார், வள்ளி தினைப்புனத்துக்கு வருவா, முருகன் வேஷம் மாத்தி மாத்தி வருவார், விடியக்காலை மங்களம் பாடி முடியறப்ப அஞ்சரை ஆறு ஆயிரும்.

நடுவுல சட்டம் ஒண்ணு இருக்கு. ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி வைக்கக்கூடாதுன்னு 2000-ல வந்த விதி, திருவிழா மாதிரி நாளுக்கு வருஷத்துல 15 நாளுக்கு மேல போகாம ராத்திரி பன்னெண்டு வரைக்கும் அரசாங்கம் தளர்த்திக்கலாம். நாடகம் நடக்குற நேரத்தையும் இந்த நேரத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். எங்க ஊர்ல பெரிய பாக்ஸ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மேடைக்கிட்ட ரெண்டே ரெண்டு சின்ன பாக்ஸ் வச்சு ஓட்டுனாங்க. எனக்கென்னமோ அதுதான் காதுக்கு நல்லா இருந்துச்சு.

கதைதான் எல்லாருக்கும் தெரியுமே, அப்பறம் என்ன இருக்கு பாக்க?

தெரியும்தான். நம்பிராஜன் மக வள்ளி தினைப்புனத்துல பரண் மேல நின்னு ஆலோலம் பாடி குருவி ஓட்டுறா, நாரதர் போய் முருகன்கிட்ட பொண்ணப் பத்தி சொல்றார், முருகன் வேடனா வர்றார், கிழவனா வர்றார், அண்ணன் புள்ளையார் யானையா வந்து பயமுறுத்தி சேத்து வைக்கிறார். அஞ்சு நிமிஷக் கதை. அத ஏழு மணி நேரம் நடத்துறாங்கன்னா கதைக்காக இல்லன்னு புரிஞ்சுருமே.

நான் போறது தர்க்கத்துக்கு. வள்ளிக்கும் நாரதருக்கும் ஒரு தர்க்கம், அப்பறம் வேடன் வேஷத்துல வர்ற முருகனுக்கும் வள்ளிக்கும் ஒரு தர்க்கம். பாட்டுல கேள்வி, விருத்தத்துல (தாளம் இல்லாம இழுத்துப் பாடுறது) பதில், வசனத்துல மடக்கு. இந்த வாட்டி வள்ளி கேட்டாங்க: "வீட்டுல தெய்வானைன்னு ஒரு மகராசி இருக்கையில, வேட்டைக்கு வந்தேன் வெளியூருக்கு வந்தேன்னு சொல்லிக்கிட்டு இன்னொரு பொண்ணு புனத்துல உமக்கு என்னய்யா வேலை?" பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து விழுந்துச்சு பாருங்க கைதட்டு. இவர் வேடன் வேஷத்துல இருக்கார், அதனால நான் முருகன் இல்லன்னும் சொல்லணும், முருகனை விட்டும் குடுக்கக்கூடாது. அந்த இக்கட்டுல ஒரு மனுஷன் எப்படி நெளிஞ்சு வெளிய வர்றார்னு பாக்க எனக்கு ராத்திரித் தூக்கம் போனா பரவாயில்ல.

ஒத்திகையே கிடையாதாமே, நெசமாவா?

நெசம்தான். ஆனா ஒண்ணும் தெரியாம மேடை ஏறுறாங்கன்னு அர்த்தம் இல்ல. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் எல்லாம் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினது (1867-ல பொறந்து 1922-ல பாண்டிச்சேரில காலமானார்). ஆரம்பத்துல எமன், சனீஸ்வரன்னு பயமுறுத்துற வேஷம் கட்டினவர், அப்பறம் வாத்தியாரா உக்காந்து எழுத ஆரம்பிச்சு, 1918-ல மதுரைல பசங்கள வச்சே ஒரு நாடக சபா தொடங்கினார். அவர் பாட்டும் வசனமும் இந்த லைன்ல இருக்குற எல்லாருக்கும் மனப்பாடம். அதனால புதுக்கோட்டைக்காரர் ஒரு அடி எடுத்தா மதுரைக்காரங்க அடுத்த அடி எடுத்துருவாங்க.

மனப்பாடம் முடிஞ்சு சொந்த சரக்கு ஆரம்பிக்குற எடம் ஒண்ணு வரும், தர்க்கம் சூடாகுறப்ப. அங்க அடுத்தவர் என்ன கேப்பார்னு இவருக்கே தெரியாது. மொகத்தப் பாத்தாலே கண்டுபிடிச்சரலாம், கண்ணு லேசா சுருங்கும், கை தன்னால ஹார்மோனியம் பக்கம் போகும், ஒரு சுருதி குடுங்கன்னு. அது யோசிக்க எடுத்துக்குற அவகாசம்.

பழைய பாட்டாச்சே, எனக்கு கர்நாடக சங்கீதம் ஒண்ணும் தெரியாது, புரியுமா?

என் பக்கத்துல உக்காந்திருந்த அப்பத்தாவுக்கும் தெரியாது. ஆனா ராஜபார்ட் ஒரு வரி முழுங்குனதும் "ஏப்பா, நடுவுல ஒண்ண விட்டுட்டான்"னு சொல்லுச்சு. கேட்டு கேட்டு வர்றதுதான்.

"காயாத கானகத்தே" மட்டும் முன்னாடியே ஒருவாட்டி கேட்டுட்டுப் போங்க. வேடன் வேஷத்துல முருகன் பாடுறது. எஸ்.ஜி. கிட்டப்பா பாடி ஊரே பைத்தியமா அலைஞ்ச பாட்டு, 1945-ல வந்த ஸ்ரீவள்ளி படத்துல டி.ஆர். மகாலிங்கம் பாடினதும் சுலபமா கெடைக்கும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் முருகனும் வள்ளியுமா நின்ன ஜோடி, கொழும்பு மேடையில சேந்து அப்பறம் நெசமாவே கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. 1933-ல கிட்டப்பா போனப்ப அவருக்கு 27 வயசுதான், அந்தம்மா அதுக்கப்பறம் ஆயுசு முழுக்க வெள்ளப் புடவைதான். எங்க பாட்டி இந்தக் கதைய வள்ளி திருமணம் நடக்குறப்பவே சொல்லும், அதனால எனக்கு சின்ன வயசுல எது சாமி கதை எது மனுஷங்க கதைன்னு கொழம்பிப்போயிருந்துச்சு.

நடுவுல சினிமா பாட்டெல்லாம் வருதாமே, அது ஒரு மாதிரி கெடுக்காது?

வரும். டான்ஸுக்கு வரும், பபூனுக்கு வரும், சில சமயம் வள்ளியே பாடுவாங்க. ஆரம்பத்துல எனக்கும் எரிச்சலா இருந்துச்சு. அப்பறம் ஹார்மோனியக்காரர் அத எங்கேர்ந்து எடுத்து எங்க கொண்டுபோய் விடறார்னு கவனிக்க ஆரம்பிச்சேன், குத்துப்பாட்டுல நுழைஞ்சு நாலு சுத்து சுத்தி விருத்தத்துக்குள்ள வந்து நிப்பார். அது பிடிச்சுப்போச்சு. ஆனா ரெண்டு மணிக்கு மேலயும் கூட்டம் கேக்குதேன்னு சினிமா பாட்டே ஓட்டுற குழுவும் இருக்கு, அதுக்கு நான் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவேன்.

பபூன் டபுள் மீனிங்லயே பேசுவாராமே, பொம்பளப் புள்ளைங்கள கூட்டிட்டு போலாமா?

பேசுவார். பூசி மொழுக விரும்பல. ஊர்ல எங்க சித்தி, அத்தை எல்லாரும் அங்கதான் உக்காந்திருந்தாங்க, சிரிச்சாங்க, சிரிச்சது தெரியாதமாதிரி முந்தானைய வாய்ல வச்சுக்கிட்டாங்க. சில பபூனுங்க எல்லை தாண்டுவாங்க, அப்ப ஊர்ப் பெரியவர் யாராச்சும் மேடைக்கிட்ட போய் நிப்பார், அது போதும். உங்களுக்கு சங்கடமா இருந்தா பன்னெண்டரைக்கு மேல போங்க, மேல நேரத்தப் பத்தி சொன்னேனே, அதான் கணக்கு.

எனக்கு உண்மையா கோவம் வந்தது வேற விஷயத்துக்கு. டான்ஸ் ஆடின பொண்ணு மேடைய விட்டு எறங்கி பின்னாடி போறப்ப மூணு பசங்க செல்போன் டார்ச்ச மொகத்துல அடிச்சுக்கிட்டே கூடவே போனாங்க. விடிய விடிய வேலை பாக்க வந்த பொண்ணு. நாடகக்காரின்னா எப்படி வேணா நடந்துக்கலாம்ங்கற நெனப்பு இன்னும் போகல. என் சித்தப்பா மகன் எந்திரிச்சுப் போய் ஒரு சத்தம் போட்டான், நான் உக்காந்த எடத்துலதான் இருந்தேன், அதையும் சொல்லிடறேன்.

பாட்டு நடுவுல காசு குத்துறாங்களே, அது மரியாதையா அவமரியாதையா?

ரெண்டும்தான். ஒருத்தர் மேடை ஏறி 101 ரூபா குத்துவார், உடனே பாட்டு நிக்கும், மைக்ல "இன்னார் மகன் இன்னார், இன்னாரோட மாப்பிள்ளை, அன்போடு அளித்த அன்பளிப்பு"ன்னு வம்சாவளியே வரும், நன்றி சொல்லிட்டு விட்ட எடத்துலேர்ந்து மறுபடி எடுப்பாங்க. மொத தடவ பாக்குறவங்களுக்கு என்னடா இது கல்யாண மொய் மாதிரின்னு தோணும். ஆனா பேசின சம்பளம் போக கைக்குன்னு தனியா நிக்குறது அந்தக் காசுதான, அதனால வேணாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. எப்ப குடுக்குறோம்னு பாத்து குடுங்க. ஆலோலம் ஓடிக்கிட்டு இருக்குறப்ப ஏறாதீங்க, தயவுசெஞ்சு.

முழு நாடகமும் யூடியூப்ல கெடக்குதே, எதுக்கு பனில போய் உக்காரணும்?

நானும் யூடியூப்ல நெறைய பாக்குறவன்தான், பஸ்ல போறப்ப, துணி மடிக்கிறப்ப. தர்க்கம் நல்லாவே கேக்கும். ஆனா கேமரா பேசுறவரையே காட்டும். இந்த நாடகத்துல பேசாம நிக்குறவர் மொகத்துலதான் பாதி விஷயம் ஓடும், அடுத்த கேள்விக்கு நான் சொல்லப்போறதெல்லாம் வீடியோவா எடுத்திருந்தா அதுல விழுந்திருக்கவே விழுந்திருக்காது.

நீ அழுதியாமே? உன் தம்பி சொன்னான். வள்ளி திருமணத்துல அழ என்ன இருக்கு?

அழுதேன். சொல்றேன்.

மணி மூணு இருக்கும். ராஜபார்ட்டுக்கு அது தொடர்ந்து அஞ்சாவது ராத்திரின்னு பின்னாடி கேள்விப்பட்டேன். விருத்தத்துல மேல ஒரு எடத்துக்குப் போய் நிக்கணும், போனார், கொரல் அங்க போய் பிசிறிடுச்சு. இருமுறமாதிரி ஏதோ பண்ணி சமாளிச்சுட்டார், கூட்டத்துல பாதிப் பேருக்குத் தெரியக்கூட இல்ல. ஹார்மோனியக்காரர் தலையத் தூக்கி பாக்கவே இல்ல, விரல மட்டும் நகத்தி சுருதிய அரைக்கட்டை (கட்டைன்னா சுருதியோட அளவு) எறக்கி வாசிச்சுக்கிட்டே இருந்தார். மிருதங்கக்காரர் பக்கத்துல கெடந்த கல்ல எடுத்து மிருதங்கத்த டக்கு டக்குன்னு தட்டி அவரும் எறக்கிக்கிட்டார். எல்லாம் இருவது செகண்டுல முடிஞ்சுபோச்சு.

இப்ப வள்ளி பதில் பாடணும். தர்க்கத்துல அதுவரைக்கும் அவங்க கைதான் ஓங்கியிருந்துச்சு, தெய்வானை கேள்வி கேட்டு மடக்கினாங்களே, அதுக்கப்பறம் கூட்டமே அவங்க பக்கம். அவங்களுக்கு ஒத்துவர்ற மேல்கட்டைல எடுத்து ஒரு பாட்டு போட்டிருந்தா அன்னைக்கு ராஜபார்ட் கதை முடிஞ்சிருக்கும். அவங்க பாடவே இல்ல. பாட்ட விட்டுட்டு வசனத்துக்கு மாத்திட்டாங்க. "வேடரே, நீர் தேடி வந்த மானுக்கு கொம்பு உண்டா? எந்த மலை மான்? எந்தத் தண்ணி குடிச்ச மான்?"னு இழுத்து இழுத்து, ஒவ்வொரு கேள்வியும் அவர் ஒரு வார்த்தைல பதில் சொல்றமாதிரியே கேக்குறாங்க. பத்து நிமிஷம். நடுவுல அவர் திரும்பி படுதாகிட்ட போய் ஒரு சொம்புலேர்ந்து ஏதோ குடிச்சுட்டு வந்தார், அதுக்கும் "மானைத் தேடச் சொன்னா வேடர் மடுவைத் தேடுறாரே"ன்னு ஒரு போடு போட்டு கூட்டத்த சிரிக்க வச்சுட்டாங்க.

நான் இதெல்லாம் அப்ப கவனிக்கல, ஏன் பாட மாட்டேங்கறாங்கன்னு கடுப்புதான் வந்துச்சு. அப்பத்தாதான் என் தொடைல தட்டி, "அவனுக்கு தொண்ட கட்டிப்போச்சுய்யா, இவ தாங்குறா பாரு"ன்னுச்சு. அதுக்கப்பறம் பாத்தேன். பத்து நிமிஷம் கழிச்சு அவர் கீழ்க்கட்டைலயே மெதுவா பாட்டெடுத்தார், அவங்களும் அதே கட்டைல, தங்களுக்கு சுத்தமா ஒத்துவராத அந்த அடிக்கொரல்ல, பதில் பாடினாங்க. ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரிதான் மொத மொதல்ல பாத்துக்கிட்டவங்க. அங்கதான் எனக்கு கண்ணுல தண்ணி வந்துச்சு. முருகனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பத்தா எதுவும் கேக்கல, வெத்தலப் பொட்டலத்த என் பக்கம் நகத்தி வச்சுச்சு.

வெளிநாட்டு மியூசிக்கல் மாதிரின்னு இத சொல்லலாமா?

பாட்டால கதை நகருதுன்னு பாத்தா சொல்லலாம். ஆனா பிராட்வேல வாரத்துக்கு எட்டு ஷோ, எட்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு உசிர விடுவாங்க, லைட் விழற எடம்கூட மாறக்கூடாது. இங்க நேத்து மாதிரியே இன்னைக்கும் பண்ணினா "என்னய்யா, பழச ஓட்டுறான்"னு அப்பத்தா மாதிரி ஆளுங்க எந்திரிச்சு போயிருவாங்க.

முடிஞ்சதும் அவங்ககிட்ட பேசலாமா? போட்டோ எடுத்துக்குவாங்களா?

பேசலாம், ஆனா மங்களம் முடிஞ்ச உடனே மேடைக்குப் பின்னாடி போய் நிக்காதீங்க, உடுப்பு மாத்துவாங்க, பெட்டி கட்டுவாங்க, பஸ்ஸுக்கு நேரமாகும். டீக்கடைல புடிங்க.

நான் அப்படித்தான் ராஜபார்ட்டப் புடிச்சேன். காது பக்கத்துல ரோஸ் பவுடர் பாதி அழியாம, லுங்கியும் துண்டுமா பெஞ்சுல உக்காந்திருந்தார். பால்ல மிளகு போட்டுத் தர முடியுமான்னு கடைக்காரர்கிட்ட கேட்டார், மிளகு இல்லன்னதும் வெறும் சுடுதண்ணி வாங்கிக்கிட்டார். நான் போய் நல்லா இருந்துச்சுண்ணேன்னேன். "எங்க, தொண்டதான் காலை வாரிருச்சே"ன்னார், பேசுறப்பவே காத்துதான் வந்துச்சு. அந்த வசனத்தப் பத்தி கேக்கலாம்னு வள்ளியா நடிச்ச அக்காவ தேடினேன், அவங்க மொத பஸ்லயே ஏறிப் போயிட்டாங்களாம். "நாளைக்கும் அவங்கதான் வள்ளியாண்ணே?"ன்னேன். இல்ல, இன்னைக்கு ராத்திரி மணப்பாறை பக்கம், அங்க யார் வள்ளின்னு போய்தான் தெரியும்னுட்டு, பஸ் வந்ததும் தகரப் பெட்டிய மொதல்ல ஏத்திட்டு அப்பறம் அவர் ஏறினார்.